உள்தாழ்ப்பாள்

கடைத்தெருவில் சாவிக்காரரின் கடைக்குள் இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் வெளியே நிற்க வேண்டும். சாவி வெட்டும் இயந்திரம் ஒன்று, சுவர் முழுக்க ஆணிகளில் தொங்கும் வெட்டாத சாவிகள், உட்கார ஒரு முக்காலி. சாவியைத் தொலைத்தவர்கள், பூட்டுக்குள்ளேயே உடைத்தவர்கள், சாவியை உள்ளே வைத்துவிட்டுக் கதவை அறைந்து சாத்திக்கொண்டு வந்தவர்கள் என்று காலையில் வருகிற யாரும் தன் கதையைச் சொல்லாமல் வேலையைச் சொல்வதில்லை. அவரும் அரத்தால் ராவிக்கொண்டே தலையை ஆட்டுவார். கேட்டதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ள மாட்டார். கதவைத் திறப்பதுதான் தன் வேலை, அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்ப்பது தன் வேலை இல்லை என்பார். தெருவில் அந்தப் பேச்சுக்கு நல்ல மரியாதை இருந்தது.

அவருக்கென்று ஒரு சட்டமும் இருந்தது. பூட்டையோ தாழ்ப்பாளையோ மாற்றக் கூப்பிட்டது ஒரு பெண்ணாக இருந்தால், அந்த வீட்டு ஆணிடம் ஒரு வார்த்தை கேட்காமல் திருப்புளியைத் தொட மாட்டார். வேலை முடிந்ததும் எல்லாச் சாவிகளையும் ஆணின் கையில்தான் கொடுப்பார். சரி, ஆண் கூப்பிட்டால் பெண்ணிடம் கேட்பாரா என்று நீங்கள் கேட்கலாம். அப்படி ஒரு கேள்வி இருப்பதே அவருக்குத் தெரியாது. அந்த ஆளை நம்பி வீட்டுக்குள் விடலாம் என்று ஆண்கள் ஒருவருக்கொருவர் சொல்லி அனுப்புவார்கள். பெண்கள் அவரைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று யாரும் விசாரித்ததில்லை.

பாலர் பள்ளி டீச்சர் அன்று கடைக்கு வந்தபோது முதலில் தெருவை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். தெருக்கோடியில் இருந்த பள்ளியில் அவள் வேலை பார்த்தாள். மதியத்தில் வால்போல் நீண்ட கயிறு ஒன்றைப் பிஞ்சுக் கைகளில் பிடிக்கவைத்து, பிள்ளைகளைச் சாலையைத் தாண்டி அழைத்துப்போவாள். அதனால் அவளைத் தெரியாத கடைக்காரர் இல்லை. அவள் கணவர் அதே தெருவில் விளக்குக் கடை வைத்திருந்தார். வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத மனுஷன் என்று அவரைச் சொல்வார்கள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே மெதுவாகப் பேசுவார். குரல் உயர்த்தி யாரும் கேட்டதில்லை.

டீச்சர் கேட்டது ஓர் அறைக்கதவின் உள்பக்கம் போடுகிற தாழ்ப்பாள். சாவிக்காரர் எடுத்து வைத்ததைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள். இதைவிடக் கனமாக வேண்டும் என்றாள். அடுத்ததையும் அப்படியே வைத்தாள்.

"இதுக்கு மேலன்னா கோடவுனுக்குப் போடறதுதான் இருக்கும்மா" என்றார் சாவிக்காரர்.

"அதையே குடுங்க."

பள்ளி அன்று விடுமுறை. இப்போதே வந்து போட்டுவிட முடியுமா, கணவர் மதியம் சாப்பிட வருவதற்குள் வேலை முடிந்துவிடுமா என்று கேட்டாள். அரை மணி நேரம்கூட ஆகாது என்று சொல்லிவிட்டு அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினார். நேர்வழி விளக்குக் கடையைத் தாண்டித்தான் போகும்; அவள் பின்பக்கச் சந்து வழியாகச் சுற்றி அழைத்துப்போனாள். நிழலாக இருக்கும் என்று காரணம் சொன்னாள். அன்று வெயிலே இல்லை.

வீடு துடைத்து வைத்ததுபோல இருந்தது. இரும்புக் கேட், சின்ன முற்றம், முன்னறை, அதற்குப் பின்னால் அவள் சொன்ன அறை. பள்ளிக்காக வெட்டிய காகிதப் பூக்கள் ஒரு மேசையில் குவிந்து கிடந்தன. கம்பி போட்ட ஜன்னல் ஒன்று. மூலையில் தரையில் ஒரு தலையணை, தண்ணீர் பாட்டில், பிரிக்காத பிஸ்கட் பொட்டலம், கைபேசிக்குச் சார்ஜர். யாரோ அங்கே இரவு தங்கப் போவதுபோல எல்லாம் எடுத்து வைத்திருந்தது.

"என்னம்மா, வீட்டுக்குள்ளேயே திருடனா?" என்று சாவிக்காரர் வழக்கமான தன் ஹாஸ்யத்தைப் போட்டார். அவள் சிரித்தாள். கொஞ்சம் தாமதமாகச் சிரித்தாள்.

கதவைச் சாத்தி, தாழ்ப்பாளை வைத்துப் பார்த்து, திருகு இறங்க வேண்டிய இடங்களைப் பென்சிலால் குறித்தார். பிறகு எதிரே நிலைக்காலைத் தடவினார். விரலுக்கு ஏதோ தட்டியது. அங்கே மக்கு வைத்து அடைத்து, மேலே புது வர்ணம் பூசியிருந்தது. அந்த இடத்தில் முன்பு வேறொரு தாழ்ப்பாள் இருந்திருக்க வேண்டும். கழற்றி எடுத்தால் திருகுத் துளைகள்தான் மிஞ்சும். இங்கே ஒரு முழம் நீளத்துக்கு மரமே பிளந்திருந்தது. வெளியிலிருந்து யாராவது மோதி மோதித் திறந்தால்தான் நிலை இப்படி உள்பக்கமாகப் பிளக்கும். இத்தனை வருஷத் தொழிலில் இது தெரியாமல் போகுமா? தெரிந்தது. தெரிந்த அந்த நொடியிலேயே அவர் அதைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினார். விளக்குக் கடைக்காரராவது, கதவை மோதுவதாவது.

ஆனாலும் மனதில் ஒரு சங்கடம் ஒட்டிக்கொண்டது. சங்கடம் வந்தால் மனிதன் பழகிய வழியில்தான் ஓடுவான். சாவிக்காரர் தன் சட்டத்துக்குள் ஓடினார். ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டுக் கேட் அருகே போய் விளக்குக் கடைக்குப் போன் போட்டார்.

"அண்ணே, உங்க வீட்டுலதான் நிக்கறேன். பின்னறைக்கு உள்தாழ்ப்பாள் போடச் சொல்றாங்க. உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு."

அந்தப் பக்கம் துணி உரசும் சத்தம் கேட்டது. கண்ணாடியைத் துடைக்கிறார் போலிருந்தது.

"கேட்டீங்க பாருங்க, அதுதான் பெரிய மனுஷத்தனம்" என்றது மெல்லிய குரல். "இன்னைக்கு வேண்டாம். நான் பாத்துக்கறேன்."

அவர் திரும்பி உள்ளே வந்தபோது டீச்சர் தாழ்ப்பாளைத் தயாராகக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்டேன், இப்போது வேண்டாம் என்கிறார் என்று சாவிக்காரர் சொன்னார். அவள் முகத்தில் கோபம் வந்திருந்தால் சமாதானம் சொல்லியிருப்பார். அழுதிருந்தாலும் ஏதாவது சொல்லியிருப்பார். அவள் சுவர்க் கடிகாரத்தைத்தான் பார்த்தாள்.

"கிளம்பிட்டேன்னு சொன்னாரா?"

"அப்படி எதுவும் சொல்லலம்மா."

"அண்ணா, வந்து சேர இன்னும் நேரம் இருக்கு. போட்டுட்டுப் போயிடுங்க. சத்தம் வந்தாலும் பரவாயில்ல."

"வேண்டாம்னு சொன்னதுக்கப்புறம் எப்படிம்மா போடறது? பேசி முடிவு பண்ணிக்கோங்க. நான் எங்க போயிடப் போறேன்?"

அவள் அதற்குமேல் கெஞ்சவில்லை. தாழ்ப்பாளைக் காகிதத்தில் சுற்றி அவர் பையில் தானே போட்டாள். சாவிக்காரர் சந்து வழியாகப் போகாமல் நேர்வழியில் நடந்தார். எதிரே விளக்குக் கடைக்காரர் வந்துகொண்டிருந்தார். அவசரமே இல்லை. கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்தபடி வந்தவர், இவரைப் பார்த்துச் சிரித்து, சாப்பிட்டாச்சா என்று கேட்டுவிட்டுப் போனார்.

மாலையில் சாவிக்காரர் வீடு திரும்பியபோது அவர் மனைவி வழக்கம்போல மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு தெரு தள்ளி ஒரு சலவைக் கடையில் அவள் இஸ்திரி போடுகிறாள். அவளுக்கு வேலை சீக்கிரம் முடிந்துவிடும். ஆனால் வீட்டுக்குச் சாவி ஒன்றுதான், அது அவர் இடுப்பில் இருக்கும். ஊருக்கெல்லாம் சாவி வெட்டுகிறவர் வீட்டில் ஒரே சாவி என்று மாடி வீட்டார் கேலி செய்வார்கள். இரண்டு இருந்தால் ஒன்று தொலையும் என்று இவர் பதில் சொல்வார். கல்யாணமான புதிதில் அவள் ஒருமுறை கேட்டாள், பிறகு ஒருமுறை கேட்டாள். அப்புறம் படியில் உட்காரப் பழகிக்கொண்டாள்.

அன்று நடந்ததை அவர் ஒரு பெருமையோடுதான் சொன்னார். தான் மட்டும் கேட்காமல் போட்டிருந்தால் வீண் மனஸ்தாபம் ஆகியிருக்கும் என்றார். அவள் வெங்காயம் உரிப்பதை நிறுத்திவிட்டு, டீச்சர் எதற்கு உள்தாழ்ப்பாள் கேட்டாள் என்று மட்டும் கேட்டாள். புருஷன் பெண்டாட்டிக்குள் ஆயிரம் இருக்கும், நமக்கு எதற்கு ஊர் வம்பு என்று அவர் செய்தித்தாளை விரித்துக்கொண்டார். நிலைக்காலில் பார்த்ததை அவளிடம் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு டீச்சரைத் தெருவில் காணோம். மதியத்தில் வேறொருத்தி கயிற்றைப் பிடித்துப் பிள்ளைகளை அழைத்துப்போனாள். சாவிக்காரர் ஒவ்வொரு மதியமும் தலையைத் தூக்கிப் பார்ப்பதும், அவள் இல்லை என்றதும் அரத்தை வேகமாக ராவுவதுமாக இருந்தார். காய்ச்சலாக இருக்கும். சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருப்பாள். மனிதனுக்கு வேண்டுமென்றால் காரணத்துக்கா பஞ்சம்?

ஒருநாள் காலை விளக்குக் கடைக்காரரே கடைக்கு வந்தார். கையில் புது விளக்கு ஒன்று. இவர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல முக்காலியில் ஏறி, பழைய மங்கலான விளக்கைக் கழற்றிவிட்டுப் புதியதைத் தானே மாட்டினார். கடை முழுக்கக் கண் கூசுகிற வெளிச்சம் விழுந்தது.

"அன்னைக்கு நீங்க போன் பண்ணி கேட்டீங்களே, அதுக்கு" என்றார். "இந்தக் காலத்துல யார் கேக்கறாங்க?"

டீச்சர் எப்படி இருக்கிறாள் என்று சாவிக்காரர் கேட்டார். குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாள், வலது கையில் எலும்பு முறிவு என்று பதில் வந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்கள் கொஞ்சமாவது தடுமாறுவார்கள். இவர் தடுமாறவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மனசும் அவளுக்கு சரியில்ல. உள்ள போய்ச் சாத்திக்கறதுலயே ஒரு பிடிவாதம். ஏதாவது பண்ணிக்கிட்டா நாளைக்கு என்னைத்தானே கேப்பாங்க? அதனால அந்தக் கதவுக்கு வெளிப்பக்கமா ஒரு தாழ்ப்பாள் போட்டுடுங்க. அன்னைக்கு அவ பாத்து எடுத்தாளே, அதே போதும். ஞாயித்துக்கிழமை நான் இருக்கறப்போ வாங்க."

போகும்போது கேட்டுக்கு என்று ஒரு பெரிய பூட்டும் வாங்கினார். சாவிகளை எல்லாம் இவரே எண்ணாமல் எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார். வைத்த பிறகுதான், எப்போதும் செய்கிற அந்தக் காரியத்தைச் செய்துவிட்டோம் என்பது உறைத்தது. அவர் போய்விட்டார். விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அதன் கீழே சாவிக்காரரின் கைகள் ஒவ்வொரு கோடும் தழும்பும் தெரியக் கிடந்தன. அவருக்குத் தன் கைகளைப் பார்க்கப் பிடிக்கவில்லை. கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

மனைவி படியில் உட்கார்ந்திருந்தாள், மடியில் பை. ஆஸ்பத்திரியில் தன் பெயரைக் கூப்பிடும்வரை உட்கார்ந்திருக்கிறவர்கள் அப்படித்தான் உட்கார்ந்திருப்பார்கள். எத்தனையோ வருஷமாகப் பார்த்த காட்சிதான். அன்று அவருக்கு அதைத் தாண்டிப் போய்க் கதவைத் திறக்க முடியவில்லை. அவள் பக்கத்தில் படியிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார்.

"போடப் போறீங்களா?" என்றாள் அவள்.

"தெருவுல பெரிய மனுஷன். முகத்துக்கு நேரா எப்படி முடியாதுன்னு சொல்றது?"

"அவகிட்ட சொல்லத் தெரிஞ்சுதே."

அவர் இத்தனை நாள் சொல்லாத நிலைக்கால் விஷயத்தைச் சொன்னார். மக்கு, வர்ணம், பிளந்த மரம். அவள் அவர் பக்கம் முழுதாகத் திரும்பினாள்.

"பாத்துட்டா போன் பண்ணீங்க?"

அவர் தரையைப் பார்த்தார். அவளும் அவரைக் குறை சொல்வதை விட்டுவிட்டுத் தன்னைச் சொல்லிக்கொண்டாள். டீச்சர் வீட்டுத் துணிகள் அவள் கடைக்குத்தான் வரும். விளக்குக் கடைக்காரர் சட்டைகளில் ஒரு நூல்கூடப் பிரிந்திருக்காது. டீச்சருடைய உடுப்புகளில் மட்டும் தோள்பட்டையில் தையல் விட்டிருக்கும், பிடித்து இழுத்ததுபோல. அவள் இஸ்திரிப் பெட்டியை அதன்மேல் ஓட்டி, மடித்து, காகிதத்தில் கட்டி அனுப்பிக்கொண்டுதான் இருந்தாள். குடும்ப விஷயம் என்று அவளும் நினைத்தாள்.

சாவிக்காரருக்கு அப்போதும் ஒரு ஓரத்தில் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஆசை. ஆண்கள் எல்லாரும் அப்படியில்லை என்று ஆரம்பித்தார்.

"நான் உன்மேல ஒரு நாளாவது கை நீட்டியிருக்கேனா?"

"இல்ல. நீட்டினதில்ல." அவள் பையின் காதை முறுக்கினாள். "ஆனா நீட்டினா எங்க போவேன்னு இந்தப் படியில உக்காந்து யோசிச்சிருக்கேன். எந்தக் கதவைச் சாத்திக்குவேன்? எந்தக் கதவுக்கு எங்கிட்ட சாவி இருக்கு?"

அவள் குரலில் குறைகூட இல்லை. அதுதான் அவரைக் கொன்றது. தன்னோடு ஒரே பாயில் படுக்கிறவள் இப்படி ஒரு கணக்கைத் தனியாகப் போட்டுப் பார்த்திருக்கிறாள், அதுவும் அவர் வந்து கதவைத் திறக்கக் காத்திருந்த நேரத்தில்.

அன்றே அவள் பெண்களுக்கான உதவி எண்ணுக்குப் போன் செய்தாள். எதிர்முனையில் பேசிய பெண் பதறாமல் வழி சொன்னாள். கணவனோடு நேருக்கு நேர் மல்லுக்கு நிற்க வேண்டாம், அவன் இல்லாத நேரம் போங்கள், வருவதா வேண்டாமா என்பதை அந்தப் பெண்ணே முடிவு செய்யட்டும், வருவாள் என்றால் நேரே காவல் நிலையத்துக்கு அழைத்து வாருங்கள், நாங்கள் அங்கே இருப்போம் என்றாள். ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்க முடியாது என்று இருவருக்கும் தெரிந்தது.

மறுநாள் விளக்குக் கடையின் ஷட்டர் ஏறுவதைப் பார்த்துவிட்டு, பின்பக்கச் சந்து வழியாக இருவரும் போனார்கள். சந்துமுனையில் ஓர் ஆட்டோவை நிறுத்திவைத்தார்கள். கேட்டில் தொங்கியது சாவிக்காரர் விற்ற பூட்டு. எந்த ராஜாவாலும் திறக்க முடியாது என்று தானே பெருமையாகச் சொல்லி விற்கிற ரகம். மனைவி மெதுவாகக் கூப்பிட்டாள். முன்னறை ஜன்னல் ஒரு கை அகலம் திறந்தது. டீச்சரின் வலது கை மாவுக்கட்டில் இருந்தது. உதட்டோரத்தில் ஆறிவரும் காயம். சாவிக்காரரின் தோள்பையைப் பார்த்தாள். ஆச்சரியப்படவில்லை.

"வெளித்தாழ்ப்பாளா அண்ணா? ஞாயித்துக்கிழமைன்னுல்ல சொன்னார்."

வந்த காரியத்தை மனைவிதான் சொன்னாள். எங்கே போகலாம், யார் காத்திருக்கிறார்கள், வராவிட்டாலும் தவறில்லை என்று எல்லாம் சொன்னாள். டீச்சர் ஜன்னல் கம்பியை இடது கையால் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

சாவிக்காரர் பூட்டைக் கையில் எடுத்தார். உடையவர் சொல்லாமல் எந்தப் பூட்டையும் அவர் திறந்ததில்லை. தொழிலில் அது பாவம். பழக்கதோஷத்தில் அவர் கை சட்டைப் பைக்குப் போய்க் கைபேசியைத் தொட்டது. மனைவி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கையை வெளியே எடுத்தார்.

"டீச்சர், இதைத் திறக்கட்டுமா?"

"அவர்கிட்ட கேட்டீங்களா?"

"இல்லம்மா. உங்களைக் கேக்கறேன்."

அவள் அவரை வெகுநேரம் பார்த்தாள். ஒருமுறை நம்பி அவரைச் சந்துவழியாக அழைத்து வந்தவள் அல்லவா? மறுபடி நம்புவது என்றால் சும்மாவா? தெருவில் ஏதோ வண்டி போன சத்தத்துக்கு அவள் உடம்பு ஒருமுறை தூக்கிப் போட்டது.

"திறங்கண்ணா" என்றாள்.

அவர் கம்பியைப் பூட்டுக்குள் விட்டார். நல்ல பூட்டுத்தான், பாழாய்ப்போன நல்ல பூட்டு. முதல் தடவை பிடி கிடைத்து நழுவியது. சட்டைப் பையில் கைபேசி அடித்தது. எடுத்துப் பார்த்தார். விளக்குக் கடை. அடித்து ஓய்ந்தது, மறுபடி அடித்தது. யாரோ பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். அப்படிச் சொல்கிறவர்களை வளர்த்ததில் தனக்கும் பங்கு உண்டு என்று அவருக்குத் தெரியும். வியர்வை கண்ணில் இறங்கியது. மனைவி முந்தானையால் துடைத்துவிட்டு, பதறாம செய்யுங்க என்றாள். மூன்றாவது முறை அடித்து ஓய்ந்த பிறகு பூட்டு வாயைத் திறந்தது. முன்கதவுப் பூட்டு சாதாரண ரகம், உடனே வழிவிட்டது.

டீச்சர் ஒரு பையோடு வந்தாள். முன்பே கட்டி, காகிதப் பூக்களுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த பை. மனைவி அதை வாங்கிக்கொண்டு அவளை ஆட்டோவில் ஏற்றினாள். வண்டி திரும்பும்போது தெருமுனையில் விளக்குக் கடைக்காரர் தெரிந்தார். அப்போதும் ஓடவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே நடந்து வந்தார். ஆட்டோ அவரைக் கடந்துதான் போக வேண்டியிருந்தது. டீச்சர் தலையைக் குனிந்துகொண்டாள், மனைவி குனியவில்லை. வண்டி போய்விட்டது.

சாவிக்காரர் திறந்த பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டிலேயே நின்றார். ஓடியிருக்கலாம். கால் வரவில்லை என்பதுதான் உண்மை.

"என்னைக் கேக்காம என் வீட்டைத் திறந்திருக்கீங்க" என்றது அந்த மெல்லிய குரல்.

"கேட்டுத்தான் திறந்தேன். உள்ள இருந்தவங்களைக் கேட்டேன்."

விளக்குக் கடைக்காரர் சிரித்தார். பூட்டை இவர் கையிலிருந்து எடுத்து, தூசியை ஊதி, தன் பையில் போட்டுக்கொண்டார். "நல்லது. இனி இந்தத் தெருவுல எந்த ஆம்பளை உங்களை வீட்டுக்குள்ள விடறான்னு பாப்போம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். சத்தமே இல்லாமல் சாத்தினார்.

அவர் சொன்னது நடந்தது. குடும்பத்தைப் பிரிக்கிறவன் என்று சாவிக்காரருக்குப் பெயர் வந்தது. வழக்கு நடக்கிறது. டீச்சர் அக்காள் வீட்டில் தங்கி வேறொரு பள்ளிக்குப் போகிறாள். மாவுக்கட்டைப் பிரித்த பிறகும் இரண்டு விரல்கள் சரியாக மடங்கவில்லை, கத்தரி பிடிக்க முடியாது என்று சலவைக் கடைக்கு வந்தபோது சொன்னாளாம். விளக்குக் கடை முன்னைப்போலவே பளிச்சென்று திறந்திருக்கிறது. வருகிறவர்கள் கடைக்காரரிடம் சிரித்துப் பேசிவிட்டுத்தான் போகிறார்கள். சாவிக்காரர் அவர் மாட்டிய விளக்கைக் கழற்றிவிட்டுப் பழைய மங்கல் விளக்கையே மறுபடி மாட்டினார். அந்த வெளிச்சத்தில்தான் ஒருநாள் தன் வீட்டுச் சாவியை இயந்திரத்தில் வைத்து இன்னொன்று வெட்டினார்.

அன்று மாலை படியில் உட்கார்ந்திருந்த மனைவியிடம் அதை நீட்டினார். தான் திருந்திவிட்டதாக ஒரு நிறைவு அவர் முகத்தில் இருந்தது. அவள் வாங்கவில்லை. சாவியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"நீங்க பெரிய மனசு பண்ணிக் குடுக்கறதா இருந்தா எனக்கு இது வேண்டாம். இது நான் கல்யாணமாகி வந்த அன்னைக்கே என் கையில இருந்திருக்க வேண்டியது" என்றாள். "அடி கையில ஆரம்பிக்கறதில்லங்க. ஒருத்தி தன் வீட்டுல ஒரு தாழ்ப்பாள் போடறதுக்குக்கூட 'அவரைக் கேட்டியா'ன்னு நாம எல்லாருமா கேக்கறோம் பாருங்க, அங்க ஆரம்பிக்குது. ஒருத்தர் கேட்டுக்கிட்டே இருக்கணும், இன்னொருத்தர் சொல்லிக்கிட்டே இருக்கணும்னு ஆயிட்ட வீட்டுல, கை எந்த நிமிஷமும் எழும்பும். எழும்பலைன்னா அது அந்த ஆம்பளையோட நல்ல குணம், அவ்வளவுதான். ஒரு பொம்பளையோட உசிரு இன்னொருத்தரோட நல்ல குணத்தை நம்பி இருக்கக் கூடாது."

அவர் நீட்டிய கையை மடக்கவில்லை. முகத்தில் இருந்த நிறைவு போய்விட்டிருந்தது. ஆமாம் என்று தலையசைத்தார்.

அவள் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வழக்கப்படி முன்னால் போய்க் கதவருகே நின்ற அவர், ஒரு படி கீழே இறங்கி வழிவிட்டார். புதுச் சாவி முதலில் கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. அவள் அவசரப்படாமல் திருகித் திறக்கும்வரை அவர் படியில் நின்று காத்திருந்தார்.